எங்க ஊர்த் தமிழும் ஹாஸ்டல் தமிழும்

'உங்க ஊர்ல தமிழ் எப்படிப் பேசுவாங்க?' என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டுப் பேர், 'நாங்க சாதாரணமாத்தான் பேசுவோம். இந்தத் திருநெல்வேலிக்காரங்கதான் ஒரு மாதிரி இழுப்பாங்க' என்பார்கள். அதே கேள்வியைத் திருநெல்வேலிக்காரரிடம் கேட்டால், 'நாங்க நேராத்தாம்ல பேசுதோம், கோயம்புத்தூர்க்காரன்தான் இழுக்கான்' என்று வரும். அவரவர் ஊர்ப் பேச்சு அவரவருக்குத் தண்ணீர் மாதிரி, ருசி தெரியாது. வேற்றூர்த் தண்ணீரைக் குடிக்கும்போதுதான் உப்பா, சப்பையா என்று நாக்குக்குத் தெரிகிறது.

நம் கல்லூரி ஹாஸ்டலில் நான்கு வருடம் குப்பை கொட்டிய நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முதலாண்டில் மெஸ் வரிசையில் நின்றாலே தமிழ்நாட்டு வரைபடத்தைக் காதால் பார்த்துவிடலாம். 'அந்தப் பக்கம்' என்பதை மதுரைக்காரன் 'அங்கிட்டு' என்பான், கொங்கு நாட்டான் 'அக்கட்ட' என்பான், நெல்லைக்காரன் 'அங்கன' என்பான், சென்னைக்காரன் 'அந்தாண்ட' என்பான். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் எல்லோரும் 'அந்த சைடு' என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். அதுதான் ஹாஸ்டல் தமிழ்.

ஒவ்வொருவனும் தன் பேச்சுக்கு என்ன பெயர் வைத்தான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். கோவை நண்பர்கள் 'எங்களுது மரியாதைத் தமிழுங்க' என்பார்கள். நெல்லை நண்பர்கள் பொதிகை மலையையும் தாமிரபரணியையும் சாட்சிக்கு அழைப்பார்கள். மதுரைக்காரன் சங்கம் வைத்த ஊர் என்பான். தஞ்சாவூர்க்காரன், 'எங்க பேச்சுதான் புஸ்தகத்துக்குப் பக்கத்துல வரும்' என்பான். வடசென்னையிலிருந்து வந்த என் அறைத்தோழன் மட்டும் வேறு மாதிரி சொன்னான்: 'எனக்குத் தமிழ் ஒழுங்கா வராது மச்சான்.'

அவனுக்கு வேறு மொழி எதுவும் வீட்டில் கிடையாது. அவன் அம்மா, பாட்டி எல்லோரும் பேசுவது தமிழ்தான். அப்படியிருந்தும் தாய்மொழியே ஒழுங்காக வராது என்று ஒருவன் சொல்கிறான். சுற்றி உட்கார்ந்திருந்த நாங்களும் அதை மறுக்கவில்லை. இப்படிச் சொல்ல அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தது? கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினால், இந்த வழக்கு ரொம்பப் பழையது என்று தெரிகிறது.

நேர்த் தமிழும் வளைந்த தமிழும்

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. இதில் திசைச்சொல் என்பது செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களிலும் அவரவர் குறிப்பில் வழங்கும் சொல். அதாவது, ஊருக்கு ஊர் சொல் மாறும் என்பதை நம் முதல் இலக்கண நூலே பதிவு செய்து, அதற்கு ஓர் இடமும் கொடுத்துவிட்டது.

பிறகு வந்த உரைகாரர்கள் எல்லை போட ஆரம்பித்தார்கள். சேனாவரையர் உரைப்படி, வையை ஆற்றுக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு ஆகியவற்றுக்கு உட்பட்டதே செந்தமிழ் நிலம். தென்பாண்டி, குட்டம், குடம், வேணாடு, அருவா, புனல்நாடு போன்றவை அதைச் சுற்றியுள்ள நாடுகள். அவற்றின் பேச்சுக்குக் கொடுந்தமிழ் என்று பெயர் நிலைத்தது. இந்தக் 'கொடு' என்பது கொடுமை இல்லை, வளைவு. செம்மை என்றால் நேர், கொடு என்றால் வளைந்தது. இவ்வளவுதான் பொருள்.

இந்த எல்லையை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். திருநெல்வேலி வெளியே, கோயம்புத்தூர் வெளியே, காஞ்சிபுரமும் சென்னையும் வெளியே. அதைவிடப் பெரிய தமாஷ், மீனாட்சியம்மன் கோயில் இருப்பது வைகையின் தென்கரையில்! கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் சங்கம் வைத்த மதுரையே கோட்டுக்கு வெளியே நிற்கிறது. பிற்கால உரைகாரர்கள் எல்லோரும் இந்த எல்லையை ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அந்த உரைகாரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வளைந்த தமிழுக்கு உதாரணம் எழுதி வைத்தார்கள். குட்ட நாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர், குட நாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர், அருவா நாட்டார் சிறுகுளத்தைக் 'கேணி' என்பர் என்று அவர்கள் உரையில் காண்கிறோம். பல நூற்றாண்டு கடந்தும் இவை சாகவில்லை. அச்சன் மலையாளத்தில் இருக்கிறார், தள்ளையும் அங்கே 'தள்ள' என்று இருக்கிறாள். கேணி திருவல்லிக்கேணியின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. வட மாவட்டத்து நண்பர்கள் சிலர் கிணற்றை இன்றும் கேணி என்றுதான் சொல்கிறார்கள். கொச்சை என்று நாம் ஒதுக்கும் ஒரு சொல், உரைகாரர் காதில் விழுந்த சொல்லாக இருக்கக்கூடும்.

வெளியூர்க் காதுகள்

பேச்சுத் தமிழுக்கென்றே தனி இலக்கணம் எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். மக்களோடு பேச வேண்டிய பாதிரியாருக்குப் பேச்சுத் தமிழ் தேவைப்பட்டது. கொடுந்தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. செந்தமிழுக்குத் தனியாக இன்னொன்று எழுதினார். இரண்டும் இரண்டு விதம், இரண்டையும் படிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

அடுத்து கிரியர்சன். இந்திய மொழிக் கணக்கெடுப்பு என்ற மாபெரும் வேலையை 1894 முதல் 1928 வரை நடத்தியவர். ஊருக்கு ஊர் பேச்சை ஒப்பிடுவதற்கு ஒரே கதையை எல்லோரையும் சொல்ல வைத்தார்: பைபிளில் வரும் கெட்ட குமாரன் கதை. நம் பாஷையில் சொன்னால் எல்லா மெஷினுக்கும் ஒரே டெஸ்ட். அந்தக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்துக்குள் முழுமையாக நடக்கவில்லை என்பது நமக்கு நஷ்டம். ஆனாலும் அதன் தொடர்ச்சியாக எடுக்கப்பட்ட கிராமபோன் பதிவுகளில் தமிழும் உண்டு. சுமார் நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் குரல்களை இன்று இணையத்தில் கேட்கலாம்.

1960களில் ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் தமிழில் பிராமணர் பேச்சும் மற்றவர் பேச்சும் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். பேச்சு ஊரை மட்டுமா காட்டிக்கொடுக்கிறது? வாயைத் திறந்தால் சாதியும் வெளியே வந்துவிடும். அதனால்தான் 'எனக்கு எந்த ஸ்லாங்கும் இல்லை' என்று சொல்லிக்கொள்வதில் பலருக்கு ஒரு நிம்மதி.

ஒரே தாய், பல பிள்ளைகள்

எஞ்சினியர் என்றால் எதையும் கழற்றிப் பார்க்க வேண்டும் அல்லவா? 'வந்துகொண்டு இருக்கிறான்' என்ற வாக்கியத்தைக் கழற்றுவோம். பொதுவாக 'வந்துக்கிட்டு இருக்கான்'. கோவைப் பக்கம் 'வந்துட்டிருக்கான்'. பிராமணர் வீட்டில் 'வந்துண்டிருக்கான்'. சென்னையில் 'வந்துகினு கீறான்'. கிட்டு, ண்டு, கினு எல்லாமே 'கொண்டு' என்ற ஒரே தாயின் பிள்ளைகள். தேய்ந்த விதம்தான் வேறு. இதில் 'ண்டு' கேட்டால் ஆச்சாரம் என்றும், 'கினு' கேட்டால் ரவுடி என்றும் நம் காதுக்குப் படுவதற்கு இலக்கணத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. பேசுகிறவரின் வீடும் தெருவும்தான் காரணம்.

ழகரமும் இப்படித்தான். தெற்கே 'வாளப்பளம்', சென்னையில் 'வாயப்பயம்'. இரண்டிலும் ழ இல்லை. ஆனால் கிண்டல் முழுவதும் இரண்டாவதுக்கு. 'அந்தாண்ட' என்பதைப் பிரித்தால் அந்த, அண்டை. அசல் தமிழ்ச் சொற்கள். 'கஸ்மாலம்' சமஸ்கிருதத்திலிருந்து இறங்கி வந்த சொல். 'துட்டு' டச்சுக்காரர்களின் சின்னக் காசான 'டொய்ட்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அவர்கள் வியாபாரம் செய்த பழவேற்காடு வடக்கே, தூத்துக்குடி தெற்கே. அதனால்தானோ என்னவோ சென்னைக்காரரும் நெல்லைக்காரரும் துட்டு விஷயத்தில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள்!

பெயரிலேயே ஒரு பாரபட்சம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ், மதுரைத் தமிழ் என்கிறோம். சென்னைக்கு வந்தால் 'மெட்ராஸ் பாஷை'. அதைத் தமிழ் என்று சொல்லவே நமக்கு வாய் வருவதில்லை. அந்தப் பாஷையைச் சினிமாவில் பேசிப் புகழ் பெற்ற சந்திரபாபு தூத்துக்குடிக்காரர். அவர் பேசினால் கலை. ரிக்‌ஷாக்காரர் பேசினால் கொச்சை.

பொதுத்தமிழ் வந்த வழி

பள்ளிக்கூடம், அச்சுப் புத்தகம், 1938இல் சென்னையில் தொடங்கிய அகில இந்திய வானொலி, வசனம் பேசும் சினிமா எல்லாம் சேர்ந்து ஒரு நடுவாந்திரத் தமிழை எல்லோர் காதிலும் போட்டன. அதனால் லாபமும் உண்டு. நாகர்கோவில்காரரும் வேலூர்க்காரரும் சந்தித்தால் சிரமமில்லாமல் பேசிக்கொள்ள ஒரு பொதுப் பேச்சு கிடைத்தது. அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கண நூலே வெளியிட்டார்.

மறுபக்கம், ஊர்ப் பேச்சைக் காப்பாற்றியவர்கள் எழுத்தாளர்கள். ஆர். சண்முகசுந்தரம் 1942இல் 'நாகம்மாள்' நாவலில் கொங்குப் பேச்சை அச்சேற்றினார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி போட்டார். 2021இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். சினிமாவிலும் 1977இல் '16 வயதினிலே' வந்த பிறகு கிராமத்துப் பேச்சுக்கு ஒரு கௌரவம் வந்தது.

இப்போது நம் முறை

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். பேசினால் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர் இப்போது எல்லோர் கையிலும் செல்போனாக இருக்கிறது. நாளைக்கு வங்கி, ஆஸ்பத்திரி, ரேஷன் எல்லாவற்றுக்கும் அதனிடம்தான் பேச வேண்டியிருக்கும். அது எந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்ததோ அந்தத் தமிழ்தான் அதற்குப் புரியும். செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் ஊட்டினால், 'என்ற ஊட்டுல கரண்டு இல்லீங்க' என்று சொல்லும் அம்மாவிடம் 'மன்னிக்கவும், மீண்டும் கூறவும்' என்றுதான் சொல்லும். நாலு தடவை கேட்ட பிறகு அந்த அம்மா என்ன நினைப்பார்? மெஷின் சரியில்லை என்றா? இல்லை. 'எனக்குத்தான் தமிழ் ஒழுங்கா வரலை' என்று நினைப்பார். ஹாஸ்டலில் நாம் கேட்ட அதே வாக்கியம்.

இந்திய அறிவியல் கழகமும் கூகுளும் சேர்ந்து 'வாணி' என்ற திட்டத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பேச்சைச் சேகரித்து வருகின்றன. கிரியர்சன் விட்ட இடத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சந்திப்பு நாளில் ஒரு அமைதியான அறையும் ஒரு நல்ல மைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். வருகிற ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் தங்கள் ஊர்ப் பேச்சில் ஏதாவது ஒரு கதை சொல்லட்டும். கெட்ட குமாரன் கதை வேண்டாம். முதலாண்டில் ஹாஸ்டலுக்கு வந்த நாளின் கதையே போதும், அது எல்லோரிடமும் இருக்கிறது. பேசுபவரின் சம்மதம் வாங்கி, ஊர்ப் பெயரையும் வருடத்தையும் குறித்துக் கல்லூரி நூலகத்தில் வைப்போம்.

வீட்டில் ஆச்சியோ அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால் இந்த வாரமே அவர்கள் பேச்சையும் பதிவு செய்துவிடுங்கள். நம் பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் 'சாதாரணத் தமிழ்' பேசி வளர்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் அவர்கள் வீட்டுக்கென்று ஒரு தமிழ் இருந்தது என்று தெரிந்துகொள்ள, அதைக் காதால் கேட்க, ஒரு வழி வைத்துவிட்டுப் போவோம். அறைக்குள் நுழைந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைத் தமிழ் பேச ஆரம்பித்துவிடாதீர்கள். வூட்ல எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே பேசுங்க.