தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போகாதவர்கள்

எங்கள் தோட்டத்தில் யாராவது கொஞ்சம் ஏறுமாறாகப் பேசிவிட்டால் போதும், 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸுடா இது' என்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து அந்த ஊர் அதிகத் தூரமில்லை. ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிப் போயிருந்தது.

பெரியம்மாவை மட்டும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எழுபதுகளின் நடுவில் அவருடைய மூன்றாவது பிள்ளை காய்ச்சலில் போனது. காரியம் முடிந்ததும் மறுபடி மரம் வெட்டப் போனார். ஒரு மாதம் கழித்துத்தான் ஆரம்பித்தது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போக எழுந்து உட்காருவார், அப்படியே உட்கார்ந்திருப்பார். சோறு இறங்கவில்லை. அழவும் இல்லை. கேட்டால் 'ஒடம்பெல்லாம் வலிக்குது' என்பார். தோட்டத்து டிரெசர் மாத்திரை கொடுத்து ரெண்டு நாள் எம்சி எழுதினார். மூன்றாம் நாள் மண்டோர் வாசலில் வந்து சத்தம் போட்டார். பெரியப்பா மந்திரித்த கயிறு கட்டினார். மனச்சோர்வு என்ற சொல் அந்த லயத்தில் யாரிடமும் இல்லை.

இதைத் தோட்டத்து அறியாமை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்க, பெரிய படிப்பு படித்தவர்களும் இதையேதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

மனநோய்களை இன்றுள்ளபடி வகை பிரிக்க அடித்தளம் போட்டவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்லின். அவர் 1904இல் ஜாவாவுக்கு வந்து, இன்றைய போகோரில் இருந்த மனநல மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். உள்ளூர்வாசிகளிடம் மனச்சோர்வு அரிது, வந்தாலும் லேசானது, ஐரோப்பியரிடம் காணும் குற்றவுணர்வு இவர்களிடம் இல்லை என்று எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 1953இல், கரோதர்ஸ் என்பவர் ஆப்பிரிக்கர்களைப் பற்றியும் ஏறக்குறைய இதையே எழுதினார்; வெளியிட்டது உலகச் சுகாதார நிறுவனம். துக்கப்படுவதற்கும் ஒரு நாகரிகம் வேண்டும் என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடியில் இருந்தது.

இவர்கள் ஒன்றை யோசித்திருக்கலாம். அந்த மருத்துவமனைகளுக்குள் யார் வந்தார்கள்? கூட்டு மலாய் மாநிலங்களுக்கான மனநோய் மருத்துவமனை 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டது. சிங்கப்பூரில் இயோ சூ காங் சாலையில் 1928இல் ஒன்று, ஜொகூர் தம்போயில் 1937இல் ஒன்று. காலனிய ஆட்சிக்கு இவை முக்கியமாக ஒழுங்கு காக்கும் இடங்கள். தெருவில் கத்தியவர், கத்தியைத் தூக்கியவர், போலீஸ் பிடித்து வந்தவர் உள்ளே போனார். சுவரோரம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பால்மரத் தொழிலாளியை யார் பிடித்துக்கொண்டு போவார்? அவர் கணக்கில் வரவே இல்லை. கணக்கில் இல்லை என்பதால் அவருக்கு நோயே இல்லை என்றாகிவிட்டது.

சிகிச்சையும் நேர்வழியில் வந்ததல்ல. ரோமில் 1938இல் தொடங்கிய மின்சிகிச்சை முதலில் வேறு மனநோய்க்கானது. கடுமையான மனச்சோர்வில்தான் அது நன்றாக வேலை செய்கிறது என்பது பிறகு தெரிந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த ஸீ வியூ காசநோய் மருத்துவமனையில் 1952 வாக்கில் இப்ரோனியாசிட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். காசநோய்க்குக் கொடுத்த மருந்தில் நோயாளிகள் உற்சாகமாகிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கனில் ரோலண்ட் குன், கெய்கி நிறுவனம் மனச்சிதைவுக்கு அனுப்பிய மருந்தை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சிலர் சில வாரங்களில் எழுந்து நடமாடினார்கள். அவர் 1957இல் அறிவித்த அந்த மருந்துதான் இமிப்ரமின். அவருடைய நோயாளிகள் பலரிடம் முறையான சம்மதம் வாங்கப்படவில்லை என்பது பல பத்தாண்டுகள் கழித்து அங்கு நடந்த ஆய்வில் வெளிவந்தது. அதையும் சேர்த்தேதான் இந்த மருந்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்து மூலிகை ஒன்றுக்கும் இதில் பங்கு உண்டு. சர்ப்பகந்தியிலிருந்து எடுத்த ரெசர்பின் ஐம்பதுகளில் ரத்த அழுத்தத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்ட சிலர் சோர்ந்துபோனார்கள். மூளையில் செரடோனின் போன்ற பொருட்களை அது குறைப்பது தெரியவந்தது. அப்படியானால் அவை குறைவதுதான் மனச்சோர்வோ என்ற ஊகம் இப்படித்தான் வலுப்பெற்றது. அந்த ஊகம் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. ஆனால் காரணம் சரியாகப் பிடிபடாததால் மருந்து பொய் என்று ஆகிவிடாது. பெரும்பாலும் ரெண்டு முதல் நாலு வாரம் கழித்தே பலன் தெரியும். தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பாதிப்பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள் என்று மருத்துவ நண்பர் ஒருவர் அலுத்துக்கொள்வார். லேசானதற்குப் பேச்சுச் சிகிச்சையே போதும் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

தெரிந்தாலும் போய்ச் சொல்லப் பயம். தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் தள்ள இடம் கொடுத்தது. பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன சட்டம் அது. சிங்கப்பூர் 2020இல் அதை விலக்கியது. மலேசியாவில் 2023 வரை இருந்தது.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனைக்கு 1971இல் 'பஹாகியா' என்று பெயர் மாற்றினார்கள். மகிழ்ச்சி என்று பொருள். ஜனங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

பெரியம்மா ஏழெட்டு மாதத்தில் தானாகவே தேறினார். வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போனார். பல வருஷம் கழித்து அவருடைய மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, அதே மாதிரி வந்தது. ஈப்போவில் டாக்டர் 'கெமுருங்ஙான்' என்று சொல்லி மருந்து எழுதினார். அக்காவுக்கு என்னென்ன செய்கிறது என்று நான் விளக்க விளக்க, பெரியம்மா கையிலிருந்த கீரையை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மருந்து எப்பருந்துப்பா இருக்கு?"

"அம்பத்தேழுலேருந்து பெரியம்மா."

"மெர்டேக்கா வருஷமா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப டிரெசருக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார்.