சாக்கு மூட்டையில் ஒரு புல்லட்... பழைய பைக்கை முதல் முறையாகக் கையில் எடுக்கிறீர்களா?

எங்கள் மாமாவின் 1984 மாடல் புல்லட், நாலு வருஷம் மூன்று சாக்கு மூட்டைகளாக மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. காரணம், நானும் மாமா பையனும்தான். காலேஜ் லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ரீஸ்டோர் பண்றோம்' என்று ஸ்பேனரை எடுத்தோம். சாயங்காலத்துக்குள் மொத்த வண்டியையும் பிரித்துவிட்டோம். பிரிப்பது அவ்வளவு சுலபம் பாஸ்! எந்த வாஷர் எந்த போல்ட்டுக்கு, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. மறுநாள் மழை. எல்லாவற்றையும் அள்ளிச் சாக்கில் போட்டுக் கட்டியதோடு சரி.

நாலு வருஷம் கழித்து, ஊரில் இருக்கும் வயதான மெக்கானிக் ஒருவர் அந்த மூட்டைகளைத் தரையில் கொட்டிக் கிளறினார். கறுத்துக் கருகிப்போன பிளாட்டினம் பாயின்ட்டை எடுத்துக் காட்டி, "கண்டன்ஸர் போயிருக்கு தம்பி. அதான் ஸ்டார்ட் ஆகல. இதுக்குப் போயா இன்ஜினைப் பிரிச்சீங்க?" என்றார். கட்டை விரல் அளவு பார்ட் அது.

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி உங்கள் வீட்டில் தூசி படிந்து நிற்கிறதா? அல்லது யார் வீட்டிலோ நிற்பதைப் பார்த்து விலை பேசிக்கொண்டிருக்கிறீர்களா? நாங்கள் செய்ததை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. முதல் புராஜெக்ட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பணப் பற்றாக்குறை இல்லை; எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரியாததுதான். பெயின்ட்டில் ஆரம்பித்தவர்கள் பாதியில் நிற்பார்கள். பேப்பரில் ஆரம்பித்தவர்கள் ஓட்டுவார்கள்.

எந்த வண்டி என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், என் ஓட்டு பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்குத்தான். ஆர்.எக்ஸ் 100, யெஸ்டி எல்லாம் டூ ஸ்ட்ரோக். இன்ஜின் இன்னும் எளிமை. ஆனால் அவற்றின் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. ஒரிஜினல் பார்ட்ஸுக்கு அலைய வேண்டும், போலிகளும் அதிகம். புல்லட் கதை வேறு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டின. இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும், அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சி.சி. இன்ஜின் இங்கே பல பத்தாண்டுகள் பெரிய மாற்றம் இல்லாமல் தயாரானது. அதனால் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ தேடினால் பார்ட்ஸ் கிடைத்துவிடும். முக்கியமாக, இதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இன்னும் சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள்.

ஸ்பேனருக்கு முன்னாடி ஆர்.சி.!

வண்டியில் கை வைக்கும் முன் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு வண்டி அருகே உட்காருங்கள். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் துணியால் துடைத்து, ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். புல்லட்டில் சேசிஸ் நம்பர் ஹேண்டில் பாரின் கழுத்துப் பகுதியில் குத்தப்பட்டிருக்கும். துரு தின்றிருந்தால் மேலே வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் லேசாகத் தேயுங்கள். எண் மேலெழும்பி வரும். நம்பர் பொருந்தவில்லையா? வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், விலை எவ்வளவு சல்லிசாக இருந்தாலும், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள்.

தனியார் வண்டிகளின் பதிவு 15 வருடங்களுக்குத்தான். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் வந்த மாற்றத்தின்படி 20 வயதைத் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். பசுமை வரி தனி. பல வருஷமாகப் புதுப்பிக்காத வண்டி என்றால் தாமதக் கட்டணம் மாதக்கணக்கில் ஏறியிருக்கலாம். மொத்தம் எவ்வளவு வரும் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு விலை பேசுங்கள். வண்டி உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் ஃபார்ம் 31 மூலம் பெயர் மாற்ற வேண்டும். தாத்தா வண்டி என்றால் சித்தப்பா, அத்தை எல்லோரிடமும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. பளபளவென்று தயாரான பிறகு திடீரென்று எல்லோருக்கும் வண்டி மேல் பாசம் பொங்கும்!

'விண்டேஜ்' என்ற வார்த்தையை விற்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துவார்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டிதான் விண்டேஜ். அதற்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால், அப்படிப் பதிந்த வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸுக்கு என்று குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். ஓட்டுவதற்காகத்தான் வண்டி என்றால் சாதாரணப் பதிவே போதும்.

பிரிக்காதீங்க... முதல்ல கேளுங்க!

சரி, பேப்பர் க்ளியர். இப்போது இன்ஜின். பத்து வருஷம் நின்ற வண்டியைப் பார்த்ததும் கிக்கரில் ஏறி மிதிக்கத்தான் கால் துடிக்கும். வேண்டாம். பிஸ்டன் துருவில் பிடித்திருந்தால் கிக்கரின் பல்லோ, பிஸ்டன் ரிங்கோ உடையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசலோ மண்ணெண்ணெயோ கொஞ்சம் ஊற்றி இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசைந்தால் பாதி ஜெயித்தாச்சு. ஒரு வாரமாகியும் அசையவில்லை என்றால், அப்போதுதான் ஹெட்டைக் கழற்றும் பேச்சு.

புல்லட்டுக்கே உரிய ஒரு விஷயம் உண்டு. இதில் ஆயில் டேங்க் தனியாக இல்லை. கிராங்க் கேஸின் ஒரு பகுதியே டேங்க். மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப்பைத் தாண்டிக் கசிந்து, ஃப்ளைவீல் இருக்கும் பக்கம் நிறைந்துவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் தெருவே புகைமூட்டமாகும், நமக்கோ 'ரிங் போச்சு' என்ற பயம் வரும். கீழே உள்ள டிரெய்ன் பிளக்குகளைத் திறந்து பழைய ஆயிலை முழுக்க இறக்கிப் புது ஆயில் ஊற்றினால் இந்தப் பீதி மிச்சம். இறக்கிய ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். உலோகத் துகள் மின்னுகிறதா? அப்படியென்றால் உள்ளே பேரிங் வேலை இருக்கிறது.

ஸ்பேனர் பற்றி ஒரு வார்த்தை. பழைய புல்லட்டின் நட்டுகள் பலவும் பிரிட்டிஷ் அளவில் இருக்கும். மில்லிமீட்டர் ஸ்பேனர் 'கிட்டத்தட்ட' பொருந்தும். அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலைகளை மழித்து, கடைசியில் உளி வைத்து வெட்டும் நிலைமைக்குக் கொண்டுவரும். சரியான அளவு ரிங் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். கழற்றும் முன் போட்டோ. கழற்றிய நட்டு, வாஷரைத் தனித்தனி கவரில் போட்டு மேலே பேனாவால் பெயர். எங்களிடம் இல்லாதது இது ஒன்றுதான்!

அடுத்து ஸ்பார்க். பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். முகம் லேசாகப் பாசி பிடித்திருந்தால் நைஸ் எமரி ஷீட்டால் தேய்த்தால் போதும். கருகிப்போயிருந்தால் கண்டன்ஸரையும் சேர்த்து மாற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைக் கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்று ஊதிச் சுத்தம் செய்யலாம். ஊசியோ கம்பியோ விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகி மைலேஜ் மொத்தமாகப் போகும். டேப்பெட் வேலை புல்லட்டில் ரொம்ப ஈஸி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கம்ப்ரஷனில் பிஸ்டன் மேலே இருக்கும் நிலையில், புஷ் ராடை விரலால் உருட்டினால் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

பெட்ரோல் டேங்க்கில் துரு இருந்தால் வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ ஒரு நாள் ஊறவிட்டு, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஓட்டை விழுந்த டேங்க் என்றால் வீட்டில் வெல்டிங் வைக்கும் வேலையே வேண்டாம். காலியாகத் தெரியும் டேங்க்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். பழக்கமுள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

இப்போது கிக். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓரிடத்தில் கல் மாதிரி நிற்கும். டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை இன்னும் ஒரு துளி இறக்குங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து, ஒரே மூச்சில் முழுசாக மிதிக்க வேண்டும். அரைகுறையாக மிதித்தால் 'பேக் கிக்' வாங்கும். செருப்புக் காலோடு முயற்சி செய்து, கணுக்கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தவன் நான். ஷூ கட்டாயம். ஸ்டார்ட் ஆனதும் ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் பைப்பின் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். ஆயில் கசிகிறதா? சர்க்குலேஷன் ஓகே. ஒரு நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

ஓடுவதைவிட நிற்பது முக்கியம்

இன்ஜின் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் அப்படியே ஒரு ரவுண்டு கிளம்பிவிடாதீர்கள். பிரேக் ஷூ, எல்லா கேபிள்கள், இரண்டு டயர்கள், டியூப்கள், மொத்த வயரிங் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றுங்கள். டயரில் பட்டன் நிறைய இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், பழைய ரப்பர் இறுகிப்போய் ஈர ரோட்டில் வழுக்கும். புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19 அளவு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். அதில் கடைசி இரண்டும் தயாரித்த வருடம். டிரம்முக்குள் இருக்கும் பழைய ஷூ தூசியை வாயால் ஊதக் கூடாது. அந்தக் கால ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். புது வயரிங்கில் ஃப்யூஸ் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெரும்பாலான பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். இப்போதைய பைக் ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். காலி மைதானத்தில் ஒரு வாரமாவது பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

பெயின்ட் கடைசி. சொல்லப்போனால், பெயின்ட் அடிக்க வேண்டுமா என்றே யோசியுங்கள். புல்லட் டேங்க்கில் உள்ள தங்க நிறக் கோடுகள் தூரிகையால் கையாலேயே இழுத்தவை. ஒருமுறை எமரி போட்டுத் தேய்த்தால் அந்தக் கோடு திரும்ப வராது, ஸ்டிக்கர்தான் வரும். மங்கியிருந்தாலும் பாலிஷ் போட்டு அப்படியே விடலாம். அடித்தே ஆக வேண்டும் என்றால், பெயின்ட்டரிடம் சேசிஸ் நம்பர் மேல் பட்டி பூச வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். அடுத்த புதுப்பித்தலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைச் சுரண்டிக்கொண்டு நிற்பது கொடுமை.

போர் செய்து புது பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டர் 50-ஐத் தாண்ட வேண்டாம். அதன்பின் ஆயிலை மாற்றி, எல்லா நட்டுகளையும் ஒருமுறை டைட் வையுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பாகங்களை அது இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். பெட்ரோல் ஹோஸைப் புதிதாக மாற்றிவிட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேப்பை மூடி கார்புரேட்டர் காலியாகும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

எங்கள் வண்டி இப்போது ஓடுகிறது. மூட்டையிலிருந்து எடுத்துப் பூட்ட எட்டு மாசம் ஆனது; பூட்டி முடித்த பிறகும் எதற்கென்று தெரியாத ஏழு வாஷர்கள் மிச்சம். டேங்க்கில் மாமா ஒருமுறை விழுந்ததால் வந்த நசுங்கல் அப்படியேதான் இருக்கிறது, டிங்கரிங் செய்யவில்லை. போன பொங்கலுக்கு அவரை ஓட்டச் சொன்னோம். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தவர், டாப் கியரிலிருந்தபடியே குதிகாலால் நியூட்ரல் ஃபைண்டரைத் தட்டிவிட்டு, "செயினைக் கொஞ்சம் டைட் பண்ணுடா" என்றார்.