செப்பேடு முதல் எம்பி3 வரை: சுருங்கிய இசையும் நீங்கிய ஒலியும்

தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடியவை 32,000 சங்கீர்த்தனங்கள் என்பது மரபு. அவற்றுள் இன்று கிடைப்பவை ஏறத்தாழ 12,000. அவர் மகன் பெரிய திருமலாச்சாரியார் காலத்தில் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைக்கப்பட்டமையால் அவை பிழைத்தன. எனினும் பெரும்பாலான ஏடுகளில் சாகித்தியமும் இராகப் பெயரும் மட்டுமே உள்ளன, சுரக்குறிப்பு இல்லை. 20ஆம் நூற்றாண்டில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் அவற்றுட் பலவற்றிற்குப் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. பாடலைச் சேமிக்கும் ஊடகம் எதுவாயினும் ஒரு பகுதியை ஏற்று மற்றொன்றை விடுகிறது. எதை விடுவது என்பதைச் சேமிப்பவரின் இடவசதியும், எது தேவை என்ற அவர் கணிப்பும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இணையத்தில் இசைக்கோப்புகள் சுருக்கப்பட்ட வரலாற்றை இந்தப் பின்னணியில் வைத்துப் படிப்பது பொருந்தும்.

78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மிகும். விரிந்த பல்லவிக்கும் லயக் கணக்குக்கும் புகழ்பெற்ற காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் (மறைவு 1934) குரல் பதிந்த தட்டு எதுவும் கிடைப்பதில்லை. அவருடைய மாணவரும் புங்கனூரில் பிறந்தவருமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையோ, 'மதுரா நகரிலோ' தட்டின் வழியாகவே கச்சேரி கேட்டறியாத வீடுகளுக்கும் அறிமுகமானார். இதைத் தட்டு நிறுவனங்களின் குற்றமாகக் காண்பது சரியன்று. மூன்று நிமிடம் என்பது தட்டின் பரப்பும் சுழற்சி வேகமும் விதித்த எல்லை. அந்த எல்லைக்குள் அடங்கக்கூடிய இசையே பரவியது என்பதுதான் கவனத்திற்குரியது.

எல்.பி. தட்டு அந்த எல்லையைத் தளர்த்தியது. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் ஏறத்தாழ 20 நிமிடம் நீள்வது. எல்.பி.யின் ஒரு பக்கத்துக்கு ஒத்த அளவு அது. 78 தட்டில் அதனை ஆறேழு துண்டுகளாக வெட்டியிருக்க வேண்டும். திருப்பதி முதல் நகரி, விஜயபுரம் வரை தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் வட்டாரத்திலும், அதற்கு அப்பாலும், விடியற்காலை வழிபாட்டு ஒலியாக அது தடையின்றி ஓடியதற்கு இந்தத் தொழில்நுட்ப மாற்றமும் ஒரு காரணம்.

அதே 20 நிமிடத்தைக் குறுந்தகட்டின் தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரு தடங்கள் என்ற கணக்கில் வைத்தால் ஏறத்தாழ 212 மெகாபைட் ஆகிறது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பின்னர் வந்த 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பு முழு வேகத்தில் இயங்கினாலும் இக்கோப்பை இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 19 மெகாபைட், முக்கால் மணி நேரம். அதுவும் நீளம் என்றே தோன்றியது. ஆகவே 1995இல் வந்த ரியல் ஆடியோவைத் தொடக்ககால இந்திய இசைத் தளங்கள் பல நாடின. கோப்பு முழுதும் வந்து சேரும் வரை காத்திராமல், வந்துகொண்டிருக்கும்போதே அதைக் கேட்கலாம். அதற்கு ஈடாக மேல்நிலை அதிர்வெண்கள் பெருமளவு வெட்டப்பட்டன.

எம்பி3 வெட்டும் முறை வேறு. வலுவான ஒலி ஒன்று அருகிலுள்ள மெல்லொலியைச் செவிக்கு மறைத்துவிடும். மறைந்ததைக் குறிக்க பிட்டுகளைச் செலவிட வேண்டியதில்லை என்பதே அதன் அடிப்படை. இம்முறையைச் செப்பனிட்டவர்களுள் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் சோதனைக்குக் கொண்டவற்றுள், பக்கவாத்தியம் இல்லாமல் சூசன் வேகா பாடிய ஒரு பாடல் புகழ்பெற்றது. தம்புராவோ வேறு வகைச் சோதனை. ஜீவாளி நூல் எழுப்பும் அடர்ந்த மேற்சுரங்கள் இடையறாது மெல்ல மாறிக்கொண்டிருப்பவை. பிட் வீதம் குறையும்போது அவை நடுங்கி, நீரோட்டம் போன்ற சலசலப்பாகத் திரிகின்றன. மிருதங்கத்தின் கூர்மையான சாப்புக்கோ, அடி விழுவதற்குச் சற்று முன்பே மெல்லிய இரைச்சல் படிகிறது. பாடகரின் சொற்கள் மட்டும் தெளிவாக நிற்கும். கேட்பவர் குறையை உணராமல் போவதற்கு அதுவே காரணம்.

பழைய தட்டுகளில் சிக்கல் இருமடங்கு. அவற்றின் கீறல் இரைச்சல் ஒழுங்கற்றது. ஒழுங்கற்றதைச் சுருக்குவது கடினம். எனவே பிட்டுகளின் பெரும்பங்கை இரைச்சலே விழுங்கிவிடுகிறது. மேலும் அப்பதிவுகள் ஒரே தடம் கொண்டவை. அவற்றை இருதடக் கோப்பாக்குவதில் இசைக்கு எந்த ஆதாயமும் இல்லை. 64 கிலோபிட் ஒருதடக் கோப்பு, 128 கிலோபிட் இருதடக் கோப்பின் பாதி இடத்தில் ஏறக்குறைய அதே தரத்தைத் தரும். இந்த எளிய கணக்கைக் கருதாமல் பதிவேற்றப்பட்டவை ஏராளம்.

உண்மையான இழப்பு அதன் பின்னரே நேர்ந்தது. ரியல் ஆடியோ வழக்கொழிந்ததும் அக்கோப்புகள் எம்பி3 ஆக மாற்றப்பட்டன. அவை பிறகு காணொளித் தளங்களில் ஏறி மீண்டும் சுருங்கின. ஒவ்வொரு முறையும் முன்னைய இழப்பின் மேல் புதிய இழப்பு படிந்தது. மூல ஒலிநாடா எங்கேனும் இருந்தால் இது திருத்தக்கூடியது. நாடா பூஞ்சை பிடித்து அழிந்திருந்தால் அந்த மூன்றாம் தலைமுறைப் படியே ஆய்வாளருக்கு மூலமாகிவிடும். அதில் ஒரு கமகத்தின் நுட்பத்தையோ தம்புராவின் சுருதியையோ அளக்க முனைபவர், பாடகரின் குரலோடு சுருக்குமுறையின் திரிபையும் சேர்த்தே அளக்கிறார்.

ஒலி ஆவணக் காப்பகங்கள் இதனால்தான் மூலப்படியையும் வழங்குபடியையும் பிரிக்கின்றன. மூலப்படிக்கு 24 பிட், 48 கிலோஹெர்ட்சுக்குக் குறையாத இழப்பற்ற வடிவம். இணையத்துக்கு அதிலிருந்து எடுத்த சிறிய படி. 2001இல் வந்த ஃபிளாக் இழப்பின்றியே கோப்பை ஏறத்தாழப் பாதியாக்குகிறது. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் குறைந்த பிட் வீதத்தில் எம்பி3-ஐ விடத் தெளிவானது. 2017இல் எம்பி3-இன் உரிமக் கட்டணமும் முடிவுக்கு வந்தது. ஆயினும் தொலைபேசி இணைப்பின் காலத்தில் சுருக்கப்பட்ட கோப்புகள், அந்த இணைப்பே மறைந்த பின்னும், கைப்பேசிக்குக் கைப்பேசி இன்றும் பரவிக்கொண்டிருக்கின்றன.