ஜீன்ஸ் தைக்கும் கருவிகள்: வீடும் தொழிற்சாலையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆடையின் வரலாறு பெரும்பாலும் அதனை அணிந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அதனைத் தைத்த கருவிகள் யாவை, அவை யாருடைய உடைமையாக இருந்தன என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. ஜீன்ஸ் எனும் காற்சட்டையைப் பொறுத்தவரை இக்குறை பெரிதும் புலப்படுகின்றது. உழைப்பாளிக்கென்றே உருவான அவ்வாடை, குருவிட்ட போன்ற தோட்டப் பகுதிகளின் உழைப்பாளர் குடியிருப்புகளில் வீட்டுத் தையலாக வேரூன்றவில்லை. இதன் காரணத்தை அறிய விழைவோர் துணியை விட்டுக் கருவிகளை நோக்குதல் வேண்டும்.

ஜீன்ஸின் தோற்றம் எளிய கருவிகளோடு தொடர்புடையது. ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர் இருந்தார். தம் கணவரின் காற்சட்டை அடிக்கடி கிழிகின்றது என ஒரு தொழிலாளியின் மனைவி முறையிட, குதிரைப் போர்வைகளுக்குப் பயன்படுத்தி வந்த ரிவெட் எனப்படும் செப்புத் தறையாணிகளைப் பையின் மூலைகளில் அடித்துக் கொடுத்தார் அவர். அவருக்குத் துணி வழங்கி வந்த சான் பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸ் என்பாரின் நிறுவனத்தோடு இணைந்து 1873 மே 20இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தொடக்க காலத்தில் வெட்டிய துணிகள் பெண்களின் வீடுகளுக்கு அனுப்பப்பட்டே தைக்கப்பட்டன. தொழிற்சாலை பின்னர் வந்ததே. எனவே ஜீன்ஸ் வீட்டில் தைக்கவியலாத ஆடை என இன்று நிலவும் எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று.

ஆயினும் டெனிம் துணி தைப்பவரின் பொறுமையைச் சோதிக்க வல்லது. பருத்தித் துணியாதலின் சுருங்கும். வெட்டுமுன் அதனைத் துவைத்து உலர்த்தல் இன்றியமையாதது. கூரிய பெரிய கத்தரிக்கோல், அளவு நாடா, சுண்ணக்கட்டி, தையல் பிரிக்கும் கருவி, ஸிப் பொருத்துதற்குரிய ஒற்றைப்பாதம் ஆகியன வேண்டும். ஊசி 16ஆம் அல்லது 18ஆம் இலக்கமாக இருத்தல் நலம். மெல்லிய ஊசி வளைந்து முறியும். வெளித்தோன்றும் தையலுக்குத் தடித்த நூலை மேலே கோத்து, பொபினில் சாதாரண நூலையே சுற்றுவர். தையலின் நீளம் மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர் வரை இருத்தல் தகும். காலின் தையல் ஒன்றையொன்று தழுவிய இரட்டை மடிப்பாதலின் அங்கு துணி நான்கு படையாகும். அம்மடிப்பைக் காலின் அடியில் மீண்டும் இருமுறை மடிக்குமிடத்தில் படைகள் பன்னிரண்டாகும். அவ்விடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, பாதத்தின் பின்புறம் துணித்துண்டொன்றை மடித்து வைத்து மட்டமாக்கி, சில்லைக் கையாற் சுழற்றி ஒவ்வொரு தையலாகக் கடத்தல் வேண்டும். மின்சார இயந்திரம் திணறும் இவ்விடத்திலே பழைய வார்ப்பிரும்புக் கைமெசின் தயங்காது செல்லும் என்பது வியப்பிற்குரியதன்று. அதன் வேகம் முழுவதும் தைப்பவரின் கையிலே உள்ளது.

இத்தகைய மெசின் இலங்கைக்கு வந்து நெடுங்காலமாயிற்று. சிங்கர் நிறுவனம் 1877இல் கொழும்பில் வாணிகத்தைத் தொடங்கியது. இயந்திரங்களை வெறுத்தவராகக் கருதப்படும் காந்தியடிகளும் 1924இல் சிங்கரின் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவியின் சிரமத்தைக் குறைக்க எழுந்த கண்டுபிடிப்பாக அதனை அவர் கருதினார். ஆயினும் அம்மெசினை உலகெங்கும் எளியோர் வீடுகளுள் புகுத்தியது அதன் பொறியன்று. 1856இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் கைக்கொண்ட தவணை முறையே எனலாம். சிறு தொகையை மாதந்தோறும் செலுத்திய குடும்பத்துக்கு ஈற்றில் ஒரு கருவி சொந்தமாயிற்று.

தோட்டத் தொழிலாளியும் கடனை அறியாதவரல்லர். தென்னிந்தியாவிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவும் முற்பணமும் கங்காணியின் கணக்கில் அவர் பெயரில் ஏறின. கடனைத் தீர்ப்பவருக்கு ஆட்களை விடுவிப்பதாகக் கூறும் 'துண்டு' தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாறியது. கடனும் அதனுடனே சென்றது. 1921இல் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. தவணைக் கடனின் முடிவில் மெசின் எஞ்சியது. துண்டுக் கடனின் முடிவில் மற்றொரு துண்டே எஞ்சியது. களனிப் பள்ளத்தாக்கு இரயில்பாதை அவிசாவளையிலிருந்து குருவிட்ட வழியாக 1912இல் இரத்தினபுரியை எட்டியது. கொழும்புப் பண்டங்கள் அதன்பின் எளிதில் வந்திருக்கலாம். பெறுவோரின் கணக்கே தடையாயிருந்தது.

இடமும் ஒரு கருவியே. ஒரு காற்சட்டைக்கு ஏறத்தாழ இரண்டரை யார் துணியை விரித்து வெட்டல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என அமைந்த லயக் காம்பிராவில் அடுப்பும் படுக்கையும் குழந்தைகளும் போக எஞ்சிய நிலம் எவ்வளவு? மின்சாரமும் பல லயங்களை நெடுங்காலம் எட்டவில்லை. இஸ்திரிப்பெட்டிக்குக் கரி வேண்டும். மாலைத் தையலுக்கு மண்ணெண்ணெய் விளக்கே துணை. செக்ரோலில் பெயர் பதிந்த பெண் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும்போது பகலொளியும் மங்கிவிடும்.

1977க்குப் பின் நிலைமை வேறோர் உருக் கொண்டது. திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. 1978இல் கட்டுநாயக்கச் சுதந்திர வர்த்தக வலயம் எழுந்தது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இத்தொழிலைக் கிராமப்புறங்களுக்கும் கொண்டு சென்றது. தோட்டத்து இளம் பெண்களும் தையல் மெசினின் முன் அமர்ந்தனர். ஆனால் அம்மெசின் அவர்களுடையதன்று. காலின் இரட்டை மடிப்பைத் தைப்பது ஒன்று, பட்டித்துளை போடுவது வேறொன்று, பையின் மூலையை நெருக்கித் தைப்பது மற்றொன்று, தறையாணி அழுத்துவது பிறிதொன்று என ஒவ்வொரு வேலைக்கும் தனி இயந்திரம் உண்டு. நாள் முழுவதும் பைகளை மட்டுமே பொருத்தும் ஒருத்தி நூற்றுக்கணக்கான ஜீன்ஸ்களில் கைவைத்தும், ஒன்றையேனும் முழுமையாகத் தைத்தறியாள். டேவிஸின் கடையில் ஒரே கையில் இருந்த தொழில் இங்கு பல கைகளுக்குப் பிரிந்துவிட்டது. இதனைத் திறன் வளர்ச்சி எனப் போற்றுவோர் அப்பெண் வேலையை விட்டு வீடு திரும்பும்போது எதனைக் கையோடு கொண்டு செல்கிறாள் என்பதையும் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

வீட்டில் தைக்க விரும்பும் ஒருத்திக்குத் தொழிற்சாலையின் அத்தனை இயந்திரங்களும் தேவையில்லை. நேர்த்தையல் போடும் ஒரு மெசினும் சுத்தியலும் தறையாணிகளும் போதும். ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்கில் சிங்கர் மெசின்களைச் செய்த பெருந்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அங்கு வார்க்கப்பட்ட மெசின்கள் இன்றும் பல நாடுகளில் ஓடுகின்றன. அவற்றுள் சிங்கர் 15ஆம் வகை மெசினின் ஊசியளவே இன்றைய வீட்டு மெசின்களிலும் நிலைத்துள்ளது. கடையில் இன்று வாங்கும் 16ஆம் இலக்க ஜீன்ஸ் ஊசி அதில் அப்படியே பொருந்தும்.