சிறைமுகாமில் பிறந்த பாடகர் குழு



பவுலும் சீலாவும் பிலிப்பி நகர்ச் சிறையில் நள்ளிரவில் இறைவனைப் புகழ்ந்து பாடியதைத் திருத்தூதர் பணிகள் நூல் 16ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மற்றக் கைதிகளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அங்கே ஒரு சிறு குறிப்பு உண்டு. ஒரே சிறையில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்களை அந்தப் பாடல் ஒன்றாக்கியது. நம் காலத்துக்கு அருகில் நடந்த இதுபோன்ற ஒரு வரலாற்றை இன்று நினைத்துப் பார்ப்போம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. தப்பியோடிய பெண்களும் குழந்தைகளும் சென்ற கப்பல்கள் பல குண்டுவீச்சில் மூழ்கின. உயிர் பிழைத்துக் கரையேறியவர்கள் சுமத்ரா தீவின் பலெம்பாங் நகரில் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார்கள். அங்கே ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் பெண்களோடு டச்சுப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் கத்தோலிக்க அருட்சகோதரிகளும் உண்டு. டச்சுக்காரர்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் பொருளாவது கொண்டுவந்திருந்தார்கள். கடலில் எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் மாற்றுத்துணிகூட இல்லை. மொழியும் வேறு, சபையும் வேறு. போதாக்குறைக்குப் பசியும் நெருக்கடியும். இத்தகைய இடத்தில் மனக்கசப்புக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த முகாமில் மார்கரெட் டிரைபர் என்ற பிரஸ்பிட்டேரியன் சபை மறைப்பணியாளர் இருந்தார். லண்டனில் இசை பயின்ற நோரா சேம்பர்ஸ் என்பவரும் இருந்தார். இசைக்கருவி ஒன்றும் கிடையாது. பெண்களின் குரல்களையே கருவிகளாக்கி ஓர் இசைக்குழு அமைக்க இருவரும் முடிவு செய்தார்கள். பெரிய இசைமேதைகளின் படைப்புகளை மார்கரெட் நினைவிலிருந்தே தாளில் எழுதி, நான்கு குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நோரா பயிற்சி அளித்து நடத்தினார். பாட்டில் வார்த்தைகளே இல்லை, வெறும் ஒலிகள்தாம். ஆகவே எந்த மொழிக்கும் முதலிடம் இல்லை, எவரும் அந்நியரும் இல்லை.

தண்ணீர் சுமந்து, விறகு வெட்டி, கழிப்பிடம் சுத்தம் செய்து களைத்த முப்பது பேர் அளவிலான பெண்கள் பல வாரங்கள் பயின்றார்கள். 1943 டிசம்பர் 27 அன்று முதல் நிகழ்ச்சி. நிற்க வலுவில்லாததால் உட்கார்ந்தே பாடினார்கள். கூட்டத்தைக் கலைக்கக் கோபத்தோடு வந்த காவலன் ஒருவன், இறுதிவரை நின்று கேட்டானாம்.

அன்பர்களே, இந்தப் பாட்டு அவர்களுக்குச் சோறு போடவில்லை, நோயையும் தீர்க்கவில்லை. 1945ஆம் ஆண்டின் முற்பகுதிக்குள் பாடியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். அத்துடன் குழுவும் நின்றுபோனது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்கரெட்டும் கண்மூடினார். ஆனால் அவர்கள் யாரோ எவரோ என்று சாகவில்லை. தம் குரலை அடையாளம் தெரிந்த தோழியர் நடுவில் இறந்தார்கள். தப்பியவர்கள் காத்து வைத்த அந்த இசைத்தாள்களைக் கொண்டு, 1980களில் கலிபோர்னியாவில் பெண்கள் பாடகர் குழு ஒன்று அதே இசையை மீண்டும் பாடியது.

நட்பு வந்த பிறகு சேர்ந்து பாடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. சேர்ந்து பாடியதால்தான் நட்பு வந்தது. சேர்ந்து பாட வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவரின் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம் குரலைச் சற்றே தாழ்த்தவும் வேண்டும். அன்பு செய்வதற்கும் இதே பயிற்சிதானே?

நம் பங்கிலும் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் உண்டு. ஒரே தெருவில் இருந்துகொண்டே முகம் திருப்பிப் போகிறவர்கள் உண்டு. வருகிற ஞாயிறு திருப்பலியில், பாடகர் குழு பாடட்டும் என்று வாய்மூடி நிற்காதீர்கள். பேசாதிருப்பவரின் பக்கத்தில் போய் நின்று, அவர் குரலோடு உங்கள் குரலையும் சேருங்கள். சமாதானப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பாட்டு.