கீழ்ப்பாக்கம் என்னும் சொல்லும் முதல் மருத்துவமும்

பல்லாவரம் என்றவுடன் தமிழ் பயில்வார்க்கு மறைமலையடிகள் வாழ்ந்த இல்லமும், வரலாற்றார்க்கு மகேந்திரவர்மன் குடைவரையும் நினைவிற்கு வரும். எமக்கோ அவ்வூர்த் தாயார் ஒருவர் கூறிய சொல்லே முற்பட வருகின்றது. எம்மிடம் முதுகலை பயின்ற அவர் மகனார் உறக்கம் ஒழிந்து, பிறர்க்குக் கேளாத குரல்களோடு உரையாடலாயினார். மருத்துவரிடம் காட்டுமாறு யாம் கூறினேம். “எங்கே வேண்டுமானாலும் போகிறோம் ஐயா, கீழ்ப்பாக்கம் மட்டும் வேண்டாம்” என்றார் தாயார். எட்டுத் திங்கள் வீணே கழிந்தன. ஓர் ஊர்ப்பெயர் நோயினும் மிக்க அச்சம் தருவதாயது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சென்னையில் பித்தர் காப்பகம் 1794-இல் வாலண்டைன் கனோலி என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு மாறிற்று. 1922-இல் மனநோய் மருத்துவமனை என்னும் பெயர் பெற்றது. பெயர் மாறினும் வாயில் மாறிற்றில்லை. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தாமே விரும்பிச் சேர்வார்க்கும் இடமுண்டு எனினும், நடுவர் ஆணை பெற்றுச் சேர்த்தலே அதன் பெருவழி. நோயாளர் குற்றவாளர்போல் ஆணையொடு புகுந்த இடத்தின் பெயரை ஊரார் வசைமொழியாக்கியது வியப்பன்று. நறுமணத்தைக் குறித்த ‘நாற்றம்’ தீமணம் குறித்தாற்போன்ற இழிபொருட்பேறே இதுவும். ஆயின் நாற்றம் என்னும் சொல்லால் எவருடைய மருத்துவமும் தடைப்படவில்லை.

1952-இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயன் அறியப்பட்டபின், அடைத்துவைத்தல் ஒன்றே வழி என்னும் நிலை நீங்கிற்று. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்க மருத்துவமனையின் கண்காணிப்பாளராய் விளங்கிய மருத்துவர் சாரதா மேனன், 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் உளச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். முதன்முறை உளச்சிதைவுற்ற 90 பேரை மருத்துவர் தாரா முதலியோர் சென்னையில் 1980-களின் தொடக்கம் முதல் தொடர்ந்து ஆராய்ந்தனர். பத்தாண்டு கழித்து 76 பேர் ஆராயப்பெற்றனர்; அவருள் பெரும்பாலோர் நோய் தணிந்த நிலையில் இருந்தனர். தீராப் பித்து என்னும் வழக்கு இதனால் தளர்தல் வேண்டும். தளர்ந்ததோ எனின், இல்லை. 1998-இல் வெளியான மற்றோர் ஆய்வு, சென்னை நகர்ப்பகுதியொன்றில் இந்நோயுற்றோருள் நான்கிலொருவர்க்கு மேற்பட்டோர் மருத்துவமே பெறாதிருந்தமையைக் காட்டிற்று. 6-8-2001 அன்று ஏர்வாடியில் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் 28 பேர் தீயில் மாண்டனர். அவர்தம் சுற்றத்தார் அன்பிலார் அல்லர். மருத்துவமனை வாயிலினும் வழிபாட்டிடம் அணுகற்கு எளிதாய் இருந்தது, அவ்வளவே. சங்கிலியிடுதலை விலக்கி, மருத்துவம் பெறுதலை உரிமையாக்கியது 2017-ஆம் ஆண்டுச் சட்டம்.

எம் மாணவர் இறுதியில் வேறொரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவிற் சேர்க்கப்பெற்றார். முதலில் வேறு உடல்நோய் உண்டோ எனக் குருதி ஆராய்ந்தனர். சில நாளில் உறக்கம் மீண்டது. குரல்கள் தேய்தற்குப் பல கிழமைகள் ஆயின. நலமுற்றதென்று மருந்தைத் தாமே நிறுத்தலாகாது என்பதை மருத்துவர் தாயார்க்கு மும்முறை எடுத்துரைத்தார். தாயாரோ, மகன் காய்ச்சலுக்காகத் தங்கியிருப்பதாகவே அண்டை வீட்டாரிடம் கூறிவந்தார். அச்சொல்லை யாம் திருத்த முற்பட்டிலேம்.