பேப்பர் புதுசு, பார்ட் பழசு

இன்னைக்கு எபிசோடு, இன்ஜினுக்குள்ள போற போலி பார்ட்ஸ் பத்தி. கதை ஆரம்பிக்கிற இடம் போர்ச்சுகல்.

2023. அந்த நாட்டோட டாப் விமான நிறுவனத்துக்கு சொந்தமா ஒரு இன்ஜின் ஒர்க்‌ஷாப் இருக்கு. அங்க ஒரு டேம்பர் வந்து இறங்குது. இன்ஜினோட அதிர்வைக் குறைக்கிற ஒரு பார்ட், அவ்வளவுதான். ஆனா கையில எடுத்துப் பார்த்தவங்களுக்கு ஏதோ உறுத்துது. கூட வந்த பேப்பர் சொல்றதைவிட இந்த சாமான் வயசானதா தெரியுதே?

அவங்க பண்ணது ரொம்ப சிம்பிள். அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டதா இருந்த சாஃப்ரான் கம்பெனிகிட்டயே அதை அனுப்பிக் கேட்டாங்க. பதில் வந்துச்சு: இது எங்க ஆள் போட்ட கையெழுத்தே இல்ல.

பார்ட்டை வித்தது லண்டன்ல 2015ல ஆரம்பிச்ச ஏஓஜி டெக்னிக்ஸ்ங்கிற புரோக்கர் கம்பெனி. ஏஓஜின்னா 'ஏர்கிராஃப்ட் ஆன் கிரவுண்ட்', அதாவது பார்ட் கிடைக்காம விமானம் தரையில நிக்குதுன்னு அந்த இண்டஸ்ட்ரியில சொல்ற வார்த்தை. அவசரத்துல இருக்கிறவங்கதான் கஸ்டமர்னு பேர்லயே எழுதி வெச்சிருந்தாங்க! லிங்க்ட்இன்ல அவங்க அதிகாரிகள்னு காட்டின சிலரோட முகம், ஸ்டாக் போட்டோ சைட்ல இருந்து எடுத்ததுன்னு பத்திரிகைகள் பின்னாடி கண்டுபிடிச்சு எழுதின.

அவங்க சப்ளை பண்ணது சிஎஃப்எம்56 இன்ஜினுக்கு. ஜிஇயும் சாஃப்ரானும் சேர்ந்து செய்யற இன்ஜின் இது. பழைய போயிங் 737, ஏர்பஸ் ஏ320 ரெண்டுலயும் பறக்குது. உலகத்துல அதிகமா வித்த ஜெட் இன்ஜின்கள்ல இதுவும் ஒண்ணு. 2023 அக்டோபர் கணக்குப்படி இந்த கம்பெனி மூலமா வந்த பார்ட்ஸ் 126 இன்ஜின்ல ஏறியிருந்துச்சு. டெல்டா, யுனைடெட், சவுத்வெஸ்ட்னு பெரிய பெரிய ஏர்லைன்ஸோட இன்ஜின்கள்.

சரி, பார்ட் நல்லா வேலை செஞ்சா பேப்பர் பொய்யா இருந்தா என்ன? இங்கதான் விஷயமே இருக்கு.

ரெண்டு போல்ட்டை எடுத்துக்கோங்க. ஒரே அளவு, ஒரே பளபளப்பு. ஒண்ணை சரியான சூட்டுல வெச்சு, சரியான வேகத்துல குளிர வெச்சிருக்காங்க. இன்னொண்ணுக்கு அதை அரைகுறையா பண்ணியிருக்காங்க. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் உலோகத்துக்குள்ள இருக்கு. பழைய பார்ட்டை பாலிஷ் போட்டு புதுசுன்னு வித்தா இன்னும் மோசம். ஜெட் இன்ஜின்ல முக்கியமான சுழலும் பாகங்களுக்கு இத்தனை தடவைதான் பறக்கலாம்னு ஆயுள் கணக்கு உண்டு. ஏற்கனவே எத்தனை தடவை பறந்துச்சுன்னு அந்த இரும்பு வாயைத் திறந்து சொல்லாது. சொல்றது அந்த பேப்பர் மட்டும்தான். ஐரோப்பாவுல அதுக்கு 'ஈஏஎஸ்ஏ ஃபார்ம் 1'னு பேரு. நம்ம பாஷையில சொன்னா, லாக் ஃபைலை மொத்தமா அழிச்சிட்டு, சர்வர் நேத்துதான் வாங்கினதுன்னு ரிப்போர்ட் குடுக்கற மாதிரி.

பைக்குலயும் இதே லாஜிக்தான். போலி ஆயில் ஃபில்டர்ல உள்ள இருக்கிற பேப்பர் மட்டமானதா இருந்தா, பசை விட்டுப் பிரிஞ்சா, அழுக்கு ஆயில் வடிகட்டாமலே இன்ஜினுக்குள்ள சுத்தும். வண்டி அன்னைக்கு நிக்காது. பேரிங் கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு, பல ஆயிரம் கிலோமீட்டர் கழிச்சு சத்தம் வரும்போது யாரும் அந்த ஃபில்டரை நினைக்கக்கூட மாட்டாங்க.

விமானத்துல இதுக்குக் குடுத்த விலை தெரியணும்னா 1989க்குப் போகணும்.

செப்டம்பர் 8. நார்வேயோட பார்ட்னேர் நிறுவனத்தோட கன்வேர் 580 விமானம் ஆஸ்லோவுல இருந்து ஹாம்பர்க் கிளம்புது. உள்ள 50 பயணிகள். வில்ஹெல்ம்சன் கப்பல் கம்பெனி ஊழியர்கள், புதுக் கப்பலோட விழாவுக்குப் போறாங்க. 22,000 அடி உயரத்துல, டென்மார்க்கோட ஹிர்ட்ஷால்ஸ் ஊருக்கு வடக்கே கடல் மேல வரும்போது, வால் பகுதி ஆட ஆரம்பிச்சு விமானம் உடைஞ்சு விழுந்துச்சு. ஊழியர்களோட சேர்த்து 55 பேர். ஒருத்தரும் பிழைக்கல.

புலனாய்வுக் குழு கடலுக்கு அடியில இருந்து விமானத்தோட பெரும்பகுதியை மேல கொண்டு வந்துச்சு. செங்குத்தான வாலை உடம்போட சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகளைப் பார்த்தா, அதுல போலி இருந்துச்சு. ஹீட் ட்ரீட்மெண்ட் சரியா பண்ணல. தாங்க வேண்டிய பளுவுல கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் தாங்கும். அன்னைக்கு ஒரு ஜெனரேட்டர் வேலை செய்யாததால, வால் பக்கம் இருந்த துணை இன்ஜினைப் பறக்கும்போதும் ஓட விட்டிருந்தாங்க. அதோட அதிர்வும், தளர்ந்து போன அந்த இணைப்பும் சேர்ந்துக்கிச்சு. போல்ட் போலியா இருந்தாலும் அந்த நாள் வரைக்கும் விமானம் பறந்துட்டுத்தான் இருந்துச்சுங்கறதை கவனிங்க. எனக்கு இந்தக் கதையில தூக்கத்தைக் கெடுக்கற இடம் அதுதான்.

அதுக்கப்புறம் அமெரிக்காவுல போக்குவரத்துத் துறையோட இன்ஸ்பெக்டர் ஜெனரலா இருந்த மேரி ஷியாவோ, 90கள்ல போலி விமான பார்ட்ஸ் விக்கிறவங்களைத் தீவிரமா துரத்தினாங்க. கிரிமினல் வழக்குகள், தண்டனைகள்னு நிறைய நடந்துச்சு. காகிதச் சங்கிலிக்கு மவுசு கூடுச்சு. கூடக்கூட, போலி பண்றவங்களுக்கும் ஒரு விஷயம் புரிஞ்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன்: எல்லாரும் பேப்பரைத்தான் பார்க்கறாங்கன்னா, உலோகத்தை எதுக்கு போலி பண்ணணும்? பேப்பரைப் பண்ணினா போதுமே.

லண்டன் கம்பெனி மேல 2023 டிசம்பர்ல பிரிட்டனோட சீரியஸ் ஃப்ராட் ஆஃபீஸ் விசாரணை ஆரம்பிச்சுது. இந்த பார்ட்ஸால ஒரு விமானமும் விழல, நல்லவேளை. ஆனா ஏர்லைன்ஸ் ஒவ்வொண்ணும் தன்னோட ரெக்கார்ட்ஸை முழுசா புரட்ட வேண்டியதாச்சு. எந்த இன்ஜின்ல இருக்குன்னு தெரிஞ்சா, விமானத்தை நிறுத்தி, அந்த பார்ட்டைக் கழட்டியாகணும். சந்தேகம் ஒரு சின்ன சாமான் மேல, ஆனா பிரிக்க வேண்டியது பல கோடி ரூபாய் இன்ஜினை.

2024ல போயிங், ஏர்பஸ், ஜிஇ, சாஃப்ரான், சில ஏர்லைன்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டணி அமைச்சாங்க. அவங்க பரிந்துரைகள்ல ஒண்ணு, இந்த ஃபார்ம்களை டிஜிட்டல் கையெழுத்தோட குடுங்கன்னு. நான் ஆபீஸ்ல நாலு வரி கோடு மாத்தினாலே அதுல என் டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. உங்களைத் தூக்கிட்டுப் பறக்கற இன்ஜினோட பார்ட்டுக்கு, யார் வேணா எடிட் பண்ற ஸ்கேன் காப்பி போதும்னு 2023 வரைக்கும் விட்டு வெச்சிருந்தாங்க.